தட்டினால் எரியும் லைட்

தம்பி,

நீ இரண்டு சைக்கிள் லைட்டுகளின் படம் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. "அம்மா, இதுல எது வாங்கட்டும்? இருபது வருஷம் இருட்டுல லைட் போட்டு சைக்கிள் ஓட்டுனவ நீதானே, உனக்குத்தான் தெரியும்" என்று கீழே எழுதியிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். பிறகு இரண்டு முறை போனில் கேட்டாய். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறந்துபோகிறாள் என்று நினைத்திருப்பாய். மறக்கவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் முன் வேறொருவரிடம் போய் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குத் தைரியம் வர இத்தனை நாள் ஆனது. போனில் தட்டித் தட்டி எழுத என் விரல்களுக்குப் பொறுமை இல்லை. கையால் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஒரேயடியாகப் படிக்க முடியாவிட்டால் விட்டுவிட்டுப் படி.

முதலில் லைட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது என்கிறாய், நீ இன்னும் லைட் இல்லாமல்தான் போய்வந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ அனுப்பிய படத்தில் முதலாவது, அந்தப் பெரிய டார்ச் மாதிரி இருப்பது, வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதே. அது எவ்வளவு வெளிச்சம் கக்கும் என்று சொல்லுமே தவிர, அந்த வெளிச்சம் எங்கே விழும் என்று சொல்லாது. பாதி வெளிச்சம் மரக்கிளைக்குப் போகும், மீதி எதிரில் வருகிறவன் கண்ணுக்குப் போகும். கண் கூசினவனுக்கு உன்னையும் தெரியாது, உனக்குப் பக்கத்தில் நடப்பவரையும் தெரியாது. இரண்டாவது படத்தில் இருப்பதன் வெளிச்சம் மேல்பக்கம் கத்தரித்த மாதிரி நேர்கோட்டில் நிற்கிறது, கீழே சாலையில் பாய் விரித்த மாதிரி விழுகிறது. அதுதான் வேண்டும். ஜெர்மனியில் அப்படிப்பட்ட லைட்டுக்குத்தான் அனுமதி, அதற்கொரு முத்திரை உண்டு என்று படித்தேன். அது பொறித்திருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்கு. முன்னால் மின்னி மின்னி எரிய வைக்காதே. மின்னி எரிவது கண்ணில் படுமே தவிர, நீ எவ்வளவு தூரத்தில் வருகிறாய் என்று பார்ப்பவருக்குக் கணக்குப் பிடிபடாது.

செல் மாற்றுகிற லைட் வேண்டாம் என்றுதான் சொல்வேன். செல்லைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் நாளாக நாளாகத் தளர்ந்துபோகும். நாம் போகும் சாலை சமமாகவே இருந்தால் அது தெரியாது, ஒரு பள்ளத்தில் இறங்கினால் தெரியும். உள்ளேயே பேட்டரி வைத்து சார்ஜ் போடுகிற வகை நல்லது, ஆனால் எவ்வளவு சார்ஜ் மீதி இருக்கிறது என்று காட்டும் சின்ன விளக்கு அதில் இருக்க வேண்டும், தீரும்போது பட்டென்று அணையாமல் மங்கி எரிய வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்கிறார்கள். சைக்கிளோடு வெளியே விட்டுவிடாதே, வீட்டுக்குள் கொண்டுபோய் வை. ஹேண்டில்பாரில் ரப்பர் வாரால் கட்டுகிற வகை குலுங்கினால் தலை கவிழ்ந்து உன் டயரையே காட்டிக்கொண்டிருக்கும், ஆகையால் திருகாணி போட்டு இறுக்குகிறதாகப் பார். வாங்கும்போது கடைக்காரர் முன்னாலேயே எரியவிட்டு, உள்ளங்கையில் பத்துத் தடவை ஓங்கித் தட்டு. ஒரே ஒரு தடவை சிமிட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடு. வெட்கப்படாதே. பையில் சின்னதாக இன்னொரு லைட்டும் எப்போதும் இருக்கட்டும். முதல் லைட் அணைந்தால் இறங்கு. எவ்வளவு அவசரமானாலும் இறங்கு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நட.

இந்தக் கடைசி வரிக்காகத்தான் மீதிக் கடிதம்.

உன் அப்பா போன பிறகு ஆஸ்பத்திரியில் எனக்குக் காலை ஆறு மணி நர்ஸ் டியூட்டி நிரந்தரமாகிவிட்டது, நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும் என்று நானே கேட்டு வாங்கியது. அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் இருபது நிமிஷம். என் ஹேண்டில்பாரில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் லைட் இருந்ததே, மூன்று செல் போடுவது, அதில் செல் ஆடிக்கொண்டே இருக்கும். பள்ளம் வந்தால் அணையும், ஒரு தட்டுத் தட்டினால் எரியும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தேன். பணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தட்டினால் எரிகிறதே என்ற சோம்பல்தான்.

நீ பத்தாவது முடித்து பியுசி முதல் வருஷம் படித்த டிசம்பரில், ஒரு திங்கட்கிழமை, எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. பனி மூட்டமாக இருந்தது. தெரு முனையைத் தாண்டியதுமே லைட் அணைந்தது. தட்டினேன். எரியவில்லை. மறுபடி தட்டினேன். இறங்கிச் செல்லைச் சரிசெய்தால் இரண்டு நிமிஷம் ஆகும், நைட் டியூட்டி முடித்த பெண் என்னை எதிர்பார்த்து நிற்பாள். தெரிந்த ரோடுதானே என்று மிதித்தேன். பூங்கா மதில் ஓரம் மரக்கிளைகள் தெருவிளக்கை மறைக்கும் இடத்தில், ராஜம்மா குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். அந்த ரோட்டைப் பல வருஷமாகப் பெருக்கியவர். தினமும் என்னைப் பார்த்து "போய்ட்டு வாங்க சிஸ்டர்" என்பார். ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தார், அதில் வெள்ளைப் பட்டைகள் உண்டு. வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகள். அன்று மின்னவில்லை. அவர்மேல் மோதுவதற்கு முன் அவர் துடைப்பத்தின் சத்தத்தைக் கேட்டேன். அவ்வளவுதான் தெரிந்தது.

இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவருக்கு வலது மணிக்கட்டு. பார்த்தவுடனே எலும்பு முறிந்தது தெரிந்தது. நடக்க வந்தவர்கள் கூடினார்கள், பால் பூத்காரர் ஓடிவந்தார். யாரோ வீட்டுக்கு ஓடிப்போய் உன்னைக் கூட்டிவந்தார்கள். நான் ராஜம்மாவின் கையை என் துப்பட்டாவால் கட்டிக்கொண்டிருந்தேன். பால் பூத்காரர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், லைட் இருந்துச்சா இல்லையா? ஒண்ணுமே தெரியல எனக்கு" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது நீ சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாய். லைட் எரிந்துகொண்டிருந்தது. விழுந்த குலுக்கலில் செல் தானாகப் போய் உட்கார்ந்துவிட்டது. நீ அதை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினாய்.

"பாருங்க, எரியுது. எங்கம்மா லைட் இல்லாம போகவே மாட்டாங்க" என்றாய்.

எல்லோரும் பார்த்தார்கள். ராஜம்மாவும் பார்த்தார். நான் சொன்னேன், "எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு." அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் நான் அன்று பொய் சொல்லவில்லை. அதற்கு மேல் தேவைப்படவில்லை. ராஜம்மா வலியோடு என் முகத்தைப் பார்த்து, "தப்பு என்னுதுதான் சிஸ்டர். லைட்டோட வர்ற சைக்கிளே கண்ணுக்குத் தெரியல பாருங்க. உங்களையும் தள்ளி விட்டுட்டேன்" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார், தம்பி. நான் அவர் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

அவரை ஆட்டோவில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். பக்கத்திலேயே இருந்து மாவுக்கட்டுப் போட வைத்தேன், டிபன் வாங்கிக் கொடுத்தேன், அவர் மேஸ்திரிக்கு போன் செய்து விவரம் சொன்னேன். என்ன விவரம் சொல்லியிருப்பேன் என்று உனக்கே தெரியும். வார்டில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இடித்தவர் யாரும் இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். அந்தப் பணிவிடையெல்லாம் சேர்ந்துதான் என் பொய்யை மூடி வைத்தது.

அந்த வாரம் நடந்த இன்னொன்றை நீ மறந்திருக்க மாட்டாய். நான் புது லைட் வாங்கிப் பழையதைக் குப்பைக் கூடையில் போட்டேன். நீ அதை எடுத்து உன் சைக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தாய். நான் பிடுங்கி, வாசல் படியில் வைத்து, தேங்காய் உடைக்கிற கல்லால் நசுக்கினேன். "நல்லா எரியுதேம்மா, ஏன்?" என்று கேட்டாய். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அம்மா இப்படி ஆகிவிட்டாளே என்று பயந்திருப்பாய். நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் யார் செய்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்க ராஜம்மா வந்தார். பிரித்த பிறகும் போகாமல் என் மேஜை அருகே நின்றார். "சிஸ்டர், கண்ணு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா? அன்னிக்கி சைக்கிள். நாளைக்கி பஸ் வந்தாலும் இப்படித்தானே தெரியாமப் போவும்?" என்றார். அங்கே நான் வாயைத் திறந்திருக்கலாம். கூட்டம் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் நான் அவரை வரிசையில் நிற்க விடாமல் கண் பிரிவுக்கு அழைத்துப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, கிட்டப் பார்க்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான் என்றார். தூரப் பார்வையில் குறை இல்லை என்றும் சொன்னார். ராஜம்மா காதில் கண்ணாடி என்ற வார்த்தை மட்டும்தான் விழுந்தது. வெளியே வந்து, "டாக்டரே கண்ணாடி எழுதிட்டாரே சிஸ்டர், நான் நெனச்சது சரிதான்" என்றார். நான் தலையாட்டினேன். ரோட்டில் சொன்ன பொய்யைவிட இந்தத் தலையாட்டல்தான் என்னை அதிகம் அரித்தது. முதலாவது பயத்தில் வந்தது. இரண்டாவதற்கு யோசிக்க எனக்கு ஆறு வாரம் இருந்தது.

கண் சரியில்லை என்ற பயத்தில் அவர் ரோட்டு வேலையை விட்டுவிட்டார். தொம்மலூரில் இருக்கும் மகள் செல்வி வீட்டோடு போய்விட்டார், அங்கே ஒரு கேண்டீனில் பகலில் பாத்திரம் கழுவினார். பிரஷர் மாத்திரைக்கு மாதம் ஒருமுறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். ஒவ்வொரு முறையும் "தம்பி நல்லாப் படிக்குதா சிஸ்டர்?" என்று உன்னைக் கேட்பார். நீ ஜெர்மனி போகிறாய் என்றபோது அவ்வளவு சந்தோஷப்பட்டார். நான் ரிட்டயர் ஆனபோது ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். இதற்கெல்லாம் நடுவில் நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போனேன், ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னேன். அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதைக் கடவுளிடம் சொல்லிவிட்டு வருவது சுலபமாக இருந்தது. ஒன்பது வருஷம் அப்படி ஓடிவிட்டது. சுமந்து சுமந்து அந்தப் பொய் இருப்பதே தெரியாமல் பழகிப்போயிருந்தது. உன் செய்தி வந்த அன்றுதான், "லைட் போட்டு ஓட்டுனவ நீதானே" என்ற வரியைப் படித்தபோதுதான், நீ இன்னும் அந்த ரோட்டில் நின்று எனக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தது. உனக்குப் பதினாறு வயது அன்று. நீ பார்த்ததைத்தான் சொன்னாய். அது பொய் இல்லை. அதைப் பொய்யாக்கியது நான். இதை நீ தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

போன வியாழக்கிழமை சிவாஜிநகர் போய் பஸ் மாறி தொம்மலூர் போனேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, சந்துக்குள் இரண்டு இடத்தில் நின்று நின்று போனேன். ராஜம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இளைத்திருந்தார். செல்வி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் பலவிதமாக யோசித்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "ராஜம்மா, அன்னிக்கி என் சைக்கிள்ல லைட் எரியல" என்றேன்.

"என்னிக்கி சிஸ்டர்?"

"நான் உங்க மேல மோதின அன்னிக்கி. லைட் அணைஞ்சு போச்சு. எனக்குத் தெரியும். இறங்காம ஓட்டிட்டு வந்தேன். கீழ விழுந்தப்பதான் அது மறுபடி எரிஞ்சுது. நான் பொய் சொன்னேன்."

அவர் கையில் இருந்த கீரைத் தண்டை முறத்தில் வைத்தார். பிறகு, "அப்ப என் கண்ணு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. டாக்டர் அன்னிக்கே சொன்னாரு, தூரத்துல குறையில்லன்னு. நான்தான் உங்களுக்கு எடுத்துச் சொல்லல."

"செல்வி, இங்க வாடி" என்று கூப்பிட்டார். செல்வி துண்டோடு வந்தாள். "சொல்லுங்க சிஸ்டர். இவகிட்டயும் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

முதல் தடவையை விட அது கஷ்டமாக இருந்தது. செல்வி நின்றுகொண்டே கேட்டாள். முடித்ததும், "ஒம்பது வருஷம் சிஸ்டர்" என்றாள், குரலை உயர்த்தாமல். "மெயின் ரோடு தாண்ட அம்மாவைத் தனியா விட்டதில்ல நான். எதிர்ல இருக்கிற கோவிலுக்குக்கூட ஞாயித்துக்கெழம நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவணும். கண்ணு தெரியாதவள ரோட்டுல விட்டுட்டு வந்துட்டியான்னு என் வீட்டுக்காரரு திட்டுவாரு. அந்த ரோட்டுல வேலை செஞ்ச காலத்தப் பத்திப் பேசினாலே எங்கம்மா அழுவும். கூட வேலை பார்த்தவங்கள்லாம் பர்மனென்ட் ஆயிட்டாங்க, தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேன் என்பதுதான் சரி.

ராஜம்மா எழுந்து செருப்பை மாட்டினார். எங்கே என்று செல்வி கேட்டாள். சந்தில் இறங்கி நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். ஆபீஸ் விடுகிற நேரம், மெயின் ரோட்டில் வண்டிகள் நெருக்கியடித்து வந்துகொண்டிருந்தன, எல்லா வண்டியிலும் லைட் போட ஆரம்பித்திருந்தார்கள். செல்வி வழக்கம்போல அவர் முழங்கையைப் பிடித்தாள். "விடு" என்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பஸ்ஸைப் போக விட்டார், ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார், நடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். கோவில் வாசலில் அவர் கும்பிடுவது தெரிந்தது. பிறகு அதே மாதிரி, இரண்டு பக்கமும் பார்த்து, தனியாகத் திரும்பி வந்தார்.

மூச்சு வாங்கியது அவருக்கு. என் எதிரில் நின்று, "மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லணும்னு வந்தீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார்.

இல்லை என்றுதான் வாயில் வந்தது. பழக்கம். நிறுத்திக்கொண்டேன். "ஆமா" என்றேன்.

"அது இப்ப வராது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். "அப்புறம் வருமான்னும் தெரியல. நீங்களா வராதீங்க. வந்துச்சுன்னா நானே போன் பண்றேன். இப்ப கெளம்புங்க, மழை வர மாதிரி இருக்கு, கால் வேற உங்களுக்கு முடியல."

அந்த மேஸ்திரியையும் கண்டுபிடித்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் தொழிலை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். ராஜம்மாவுக்கு அந்த வேலைக்கான வயதும் தாண்டிவிட்டது. நான் செய்ததில் திருப்பிக் கொடுக்க முடிந்தது அந்த ரோட்டைத் தனியாகத் தாண்டுகிற தைரியம் ஒன்றுதான். அதுவும் அவருடையதுதான், நான் எடுத்து வைத்திருந்தேன்.

போன் வரவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் நீதான். நீ பேசும்போது, இதைப் படித்த பிறகு உன் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பேசினேன், அதனால்தான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்று எழுதத்தான் இந்தப் பக்கத்தை ஆரம்பித்தேன். அடித்துவிட்டு எழுதுகிறேன். எதிர்பார்க்கிறேன். ஆனால் அவசரமில்லை. இந்த வாரம் போன் பண்ணாவிட்டாலும் பரவாயில்லை, நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அம்மா